சர்க்கரை இறங்கும்போது லட்டு கொடுக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை நோயைப் பற்றி எழுதாத தமிழ் நாளிதழ் இல்லை. எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக் கூடாது, எத்தனை நிமிடம் நடக்க வேண்டும் என்று வாரம் தவறாமல் வருகிறது. அதில் பெரும்பகுதி சர்க்கரை ஏறுவதைப் பற்றியது. இறங்குவதைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. ஏறிய சர்க்கரை கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுக்க ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். இறங்கிய சர்க்கரைக்கு ஆளைச் சாய்க்க அரை மணி நேரம் போதும். அந்த நேரத்தில் பக்கத்தில் மருத்துவர் இருக்கப்போவதில்லை. மனைவி இருப்பார், மகன் இருப்பான், பேருந்தில் என்றால் அடுத்த இருக்கைக்காரர் இருப்பார். அவர்கள் படிப்பதற்காகவே இதை எழுதுகிறேன். இடம் போதாமல் சுருக்க நேர்ந்தால் எதை வேண்டுமானாலும் எடுத்துவிடுங்கள், அளவுகளை மட்டும் எடுக்க வேண்டாம்.

முதலில் ஒரு கணக்கு. பெரியவர் ஒருவர் உடம்பில் ஓடும் ரத்தம் ஏறத்தாழ 5 லிட்டர். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 என்றால் 100 மில்லி ரத்தத்தில் 100 மில்லிகிராம் குளுக்கோஸ் என்று பொருள். ஆக, மொத்த ரத்தத்திலும் இருப்பது 5 கிராம், குவித்து எடுத்த ஒரு தேக்கரண்டி. மூளை மட்டுமே மணிக்கு 5 கிராம் குளுக்கோஸை எரிக்கிறது. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள இந்த உறுப்பு, உடம்பின் மொத்த எரிசக்தியில் 20 சதவீதத்தை வாங்கிக்கொள்கிறது. ஆனால் நாளைக்கு வேண்டும் என்று எதையும் சேர்த்து வைக்க அதற்கு வழியில்லை. எனவே ரத்தத்தில் உள்ள அந்த ஒரு கரண்டியை யாராவது நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சாப்பிட்ட பிறகு சில மணி நேரம் சிறுகுடல் நிரப்புகிறது. அதன் பிறகு விடியும்வரை கல்லீரல் நிரப்புகிறது. கல்லீரலில் கிளைகோஜனாக இருக்கும் கையிருப்பு 80 முதல் 100 கிராம்தான். தசைகளில் அதைவிடப் பல மடங்கு கிளைகோஜன் உண்டு. ஆனால் அதைக் குளுக்கோஸாக ரத்தத்தில் இறக்கிவிடத் தேவையான நொதி தசையில் இல்லை. தசையில் இருப்பது தசைக்கு மட்டுமே பயன்படும்.

கல்லீரல் கையிருப்பு தீர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பீகாரின் முசாபர்பூர் காட்டியது. அங்கே லிச்சிப் பழக் காலத்தில் விடியற்காலையில் குழந்தைகள் வலிப்பு வந்து இறந்தார்கள். மூளைக்காய்ச்சல் என்றே பல ஆண்டுகள் நம்பப்பட்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய வைரஸ் அறிஞர் ஜேக்கப் ஜான் அவர்கள் இது கிருமியால் வருவது அல்ல, சர்க்கரைச் சரிவு என்று எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர். 2014-ல் நடந்த கள ஆய்வு 2017-ல் வெளியானது. லிச்சியில் உள்ள நஞ்சு, கொழுப்பை எரித்தும் புதிதாகக் குளுக்கோஸ் தயாரித்தும் உடல் சமாளிக்கும் வழிகளை அடைத்துவிடுகிறது என்பதும், இரவு சாப்பிடாமல் தூங்கிய குழந்தைகளே அதிகம் மாட்டிக்கொண்டார்கள் என்பதும் அதில் தெளிவாயின. இரவுச் சோறு என்பது எத்தனை பெரிய மருந்து என்று அங்கே தெரிந்தது.

சரி, பெரியவர்கள் விஷயத்துக்கு வருவோம். சர்க்கரை இறங்கத் தொடங்கியதும் உடம்பில் ஒரு வரிசைப்படி காவல் எழும். 80-ஐ நெருங்கும்போதே கணையம், சர்க்கரையை இறக்கும் இன்சுலினைக் குறைத்துவிடும். 70-க்குக் கீழே போனால் அதே கணையத்திலிருந்து குளுக்ககான் என்ற ஹார்மோன் கிளம்பி, இருப்பைத் திறந்துவிடச் சொல்லிக் கல்லீரலுக்கு உத்தரவிடும். கூடவே மூளை தானியங்கு நரம்புகள் வழியாக அட்ரீனல் சுரப்பியை முடுக்கிவிட, அட்ரினலின் பாயும். கைநடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, காரணமில்லாத பதற்றம் எல்லாம் அதன் வேலை. அதே நரம்புகளால் குளிர்ந்த வியர்வை கொட்டும். வயிறு பிசையும், அடக்க முடியாத பசி எடுக்கும். இவையெல்லாம் உடம்பு அடிக்கும் அபாய மணி. 54-க்குக் கீழே போனால் மூளையே தடுமாறத் தொடங்கும். பேச்சு குழறும், பார்வை இரண்டாகும், கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பார், சும்மா இருந்தவர் சண்டைக்கு வருவார். சாப்பிடுங்கள் என்றால் 'எனக்கு ஒன்றும் இல்லை' என்று தட்டிவிடுவார். அந்தக் கோபம் அவருடையது அல்ல, பட்டினி கிடக்கும் மூளையுடையது. இன்னும் இறங்கினால் வலிப்பு, மயக்கம். முதியவர்களில் சிலருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்து பக்கவாதம் போலவே தெரியும். சாலையோரம் விழுந்து கிடந்தால் குடிகாரர் என்று எல்லோரும் கடந்து போய்விடுவார்கள். எதுவாக இருந்தாலும் முதலில் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாருங்கள். கருவி இல்லையா? சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், நினைவோடு இருக்கிறார், விழுங்க முடிகிறது என்றால் இறங்கிவிட்டது என்றே எடுத்துக்கொண்டு 15 கிராம் குளுக்கோஸ் கொடுங்கள். ஒருவேளை ஏறியிருந்தால் இந்த 15 கிராமால் பெரிய கேடு வந்துவிடாது.

கருவியில் பார்க்கும்போது ஒரு கவனம் வேண்டும். பழம் உரித்த கையோடோ, இனிப்பு தொட்ட விரலோடோ பார்த்தால் 60 இருக்கும் இடத்தில் 150 காட்டும். கையைக் கழுவித் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

இனி, எதைக் கொடுப்பது என்பது. இங்கேதான் நம் வீடுகளில் அன்பு மிகுதியால் தவறு நடக்கிறது. பிரிட்ஜைத் திறந்து மைசூர்பாகு, லட்டு, சாக்லேட் என்று கையில் கிடைத்த இனிப்பை ஊட்டுகிறோம். குளுக்கோஸ் வாயிலோ இரைப்பையிலோ போதுமான அளவு உறிஞ்சப்படாது. இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலை அடைந்தால்தான் ரத்தத்துக்குள் போகும். நெய்யும் கொழுப்பும் சிறுகுடலின் தொடக்கத்தைத் தொட்டதும் அங்கிருந்து கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரந்து, 'கொழுப்பு வந்திருக்கிறது, செரிக்க நேரம் வேண்டும்' என்று இரைப்பையின் வாயிலை இறுக்கிவிடும். லட்டில் சர்க்கரை இருக்கிறது, ஆனால் அது இரைப்பையிலேயே காத்துக்கிடக்கும். மூளை அதுவரை காத்திருக்காது.

எனவே குளுக்கோஸ் பவுடர். குவித்து மூன்று தேக்கரண்டி, அதாவது 15 கிராம், அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடிக்கச் செய்யுங்கள். குளுக்கோஸ் இல்லையென்றால் வீட்டுச் சர்க்கரை தட்டையாக 4 தேக்கரண்டி, அல்லது சர்க்கரை போட்ட குளிர்பானம் 150 மில்லி. 'டயட்', 'சுகர் ஃப்ரீ' என்று எழுதியிருந்தால் அதில் பயன் இல்லை. ஓ.ஆர்.எஸ். கரைசலைக் குளுக்கோஸ் தண்ணீர் என்று நினைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. அரசு மருத்துவமனைகளில் தரும் பொட்டலத்தை ஒரு லிட்டரில் கரைத்தால் அதில் மொத்தக் குளுக்கோஸே 13.5 கிராம்தான். ஒரு டம்ளரில் 3 கிராம்கூட வராது. அது வயிற்றுப்போக்குக்கான மருந்து, இதற்கு உதவாது. இளநீரில் எவ்வளவு சர்க்கரை என்று காய்க்குக் காய் மாறும், நம்ப முடியாது.

கொடுத்த பிறகு 15 நிமிடம் பொறுங்கள். இதுதான் கடினமான பகுதி. பதற்றத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஊட்டிக்கொண்டே போனால், பிறகு 350-ல் போய் நிற்கும். 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். 70-க்கு மேல் வரவில்லை என்றால் மறுபடி அதே 15 கிராம். வந்துவிட்டது, அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு நேரமிருக்கிறது என்றால் இரண்டு இட்லியோ ஒரு சப்பாத்தியோ சாப்பிட வையுங்கள். குளுக்கோஸ் வேகமாக ஏறும், அதே வேகத்தில் தீர்ந்தும் போகும்.

வோக்லிபோஸ், அகார்போஸ் என்ற மாத்திரைகளைச் சாப்பிடுபவர்கள் வீட்டில் கட்டாயம் குளுக்கோஸ் பவுடரே இருக்க வேண்டும். நாம் உபயோகிக்கும் வெள்ளைச் சர்க்கரையின் ஒவ்வொரு மூலக்கூறும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஒட்டிய இரட்டை. அதைச் சிறுகுடல் சுவரில் உள்ள நொதி பிரித்தால்தான் உறிஞ்ச முடியும். இந்த மாத்திரைகள் அந்த நொதியைத்தான் தடுக்கின்றன. ஆகவே இவர்களுக்குச் சர்க்கரைத் தண்ணீரோ பிஸ்கட்டோ கொடுத்தால் குடலிலேயே தேங்கும். பிரிக்கத் தேவையில்லாத குளுக்கோஸ் மட்டுமே உடனே ஏறும். தனியாகச் சாப்பிட்டால் இம்மாத்திரைகள் சர்க்கரையை அதிகம் இறக்குவதில்லை. ஆனால் பலருக்கு வேறு மருந்தோடு சேர்த்தே ஒரே மாத்திரையாகக் கொடுக்கிறார்கள், அதனால்தான் இந்த எச்சரிக்கை.

நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். விழுங்கும் அனிச்சைச் செயல் வேலை செய்யாத நேரத்தில் ஊற்றியது நுரையீரலுக்குள் போகும், பிழைக்க வேண்டியவர் அதனாலேயே போய்விடலாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். 'சர்க்கரை நோயாளி, இன்ன மருந்து, நினைவில்லை' என்ற மூன்றையும் சொல்லுங்கள். மருத்துவமனையில் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் கரைசல்) 100 மில்லியைச் சிரையில் ஏற்றினால் பலர் ஊசி முடிவதற்குள் கண் விழிப்பார்கள். குளுக்ககான் ஊசியும் உண்டு, பெரியவர்களுக்கு 1 மில்லிகிராம், வீட்டிலேயே தசையில் போடலாம். எல்லா மருந்துக்கடையிலும் அது கிடைக்காது. பட்டினி கிடந்தவருக்கும் குடித்திருப்பவருக்கும் அது சரியாக வேலை செய்யாது. கல்லீரலில் இருப்பு இருந்தால்தானே திறந்துவிட முடியும்?

இத்தனையும் செய்து ஆள் எழுந்து உட்கார்ந்த பிறகு, 'சரியாகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம்' என்று கிளம்புவதுதான் நான் அதிகம் அஞ்சுவது. என்ன மருந்தால் இறங்கியது என்பதைப் பொறுத்தது அது. மாத்திரை அட்டையின் பின்புறம் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு, கிளிபிசைடு என்ற பெயர்களில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். மெட்ஃபார்மினோடு சேர்ந்தே பெரும்பாலும் வரும், முன்பக்கம் கம்பெனிப் பெயர் மட்டுமே கொட்டை எழுத்தில் இருக்கும். இவை சல்ஃபோனைல்யூரியா வகை. 1942-ல் பிரான்சின் மோன்பெலியே நகரில் டைபாய்டு நோயாளிகளுக்குச் சல்ஃபா மருந்து ஒன்றைக் கொடுத்தபோது சிலருக்கு வலிப்பும் மயக்கமும் வந்தன. ரத்தத்தில் சர்க்கரை சரிந்திருப்பதை மார்செல் ஜான்போன் என்ற மருத்துவர் கண்டார். அந்தக் கெடுதலிலிருந்துதான் இந்த மருந்து வகையே பிறந்தது.

கணையத்தின் பீட்டா செல்லில் பொட்டாசியம் வெளியேறும் வாயில் ஒன்று உண்டு. சர்க்கரை ஏறும்போது அந்த வாயில் மூடும், மூடினால் கால்சியம் உள்ளே வரும், வந்தால் இன்சுலின் வெளியேறும். சர்க்கரை இறங்கினால் வாயில் திறந்துகொள்ளும், இன்சுலின் நிற்கும். இந்த மாத்திரை வாயிலைத் தானே இழுத்து மூடிவிடுகிறது. சர்க்கரை 50-க்கு வந்தாலும் மருந்து இருக்கும்வரை அது திறக்காது. இன்னொன்றும் உண்டு. நாம் கொடுக்கும் குளுக்கோஸே அந்தச் செல்லை மேலும் தூண்டி இன்னும் இன்சுலினைக் கொட்ட வைக்கும். காலையில் எழுந்து உட்கார்ந்தவர் மதியம் மறுபடி விழுவது இதனால்தான். கிளிபென்கிளமைடின் சிதைவுப் பொருட்களுக்கும் வீரியம் உண்டு, அவற்றில் பாதியளவு சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டும். சிறுநீரகம் பழுதானவருக்கு இரண்டு, மூன்று நாள்கூட இழுக்கும். இந்த வகை மாத்திரையால் மயங்கியவரைக் குறைந்தது 24 மணி நேரம் மருத்துவமனையில் வைத்துப் பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின், சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டாபாகிளிஃப்ளோசின் ஆகியவை தனியாக எடுக்கும்போது இந்த ஆபத்தை அரிதாகவே தருகின்றன. பயந்துகொண்டு அவற்றை யாரும் நிறுத்த வேண்டாம்.

எந்தெந்தச் சந்தர்ப்பத்தில் இறங்குகிறது? ரத்தப் பரிசோதனை வரிசையைப் பாருங்கள். வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருப்பார்கள். சாப்பாட்டை விட்டவர் பழக்க தோஷத்தில் ஆறு மணிக்கே மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஊசியையும் குத்திக்கொண்டு வந்து நிற்பார். ஒன்பதரைக்கு அவர் பெயர் கூப்பிடும்போது கை நடுங்கும். மாத்திரையையும் ஊசியையும் பையில் எடுத்துவாருங்கள். ரத்தம் கொடுத்த பிறகு, டிபன் முன்னால் வந்ததும் போட்டுக்கொள்ளுங்கள். விரத நாட்களிலும் இதே கதை: சோறு இல்லை, மாத்திரை உண்டு. வெறும் வயிற்றில் மது குடித்தால் கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் தயாரிப்பதை அது நிறுத்திவிடும். நள்ளிரவில் இறங்கும், வாயில் வாசனை வருவதால் போதை என்று தூங்க விட்டுவிடுவார்கள். தொடையில் ஊசி போட்டவுடன் நடைப்பயிற்சிக்குக் கிளம்பினால் மருந்து வேகமாக ரத்தத்தில் சேரும். வழக்கமான அளவிலேயே திடீரென்று அடிக்கடி இறங்க ஆரம்பித்தால் சிறுநீரகத்தைச் சோதித்துப் பாருங்கள். இன்சுலினை உடம்பிலிருந்து அகற்றுவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஊசிக் குழல் விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜில் மில்லிக்கு 100 யூனிட். இதற்கேற்ப சிவப்பு மூடி போட்ட ஊசிக்குழல் 40-க்கு, ஆரஞ்சு மூடி போட்டது 100-க்கு. பேனா பழுதானால், கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடிக் குழலில் இழுத்துக்கொள்கிறார்கள். 20 என்ற கோடுவரை இழுத்தால் உள்ளே வருவது அரை மில்லி. அந்த அரை மில்லியில் இருப்பது 20 யூனிட் அல்ல, 50. இரண்டரை மடங்கு. குப்பியில் உள்ள எண்ணும் குழலில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். பால் போல் கலங்கலாக இருக்கும் இன்சுலினை உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை உருட்டி, பத்து முறை தலைகீழாகத் திருப்பி, ஒரே நிறமான பிறகே இழுக்க வேண்டும். ஒரே இடத்தில் மாதக்கணக்காகக் குத்தினால் தோலுக்கடியில் கொழுப்புக் கட்டி உருவாகி மருந்து சரியாகச் சேராது. சர்க்கரை குறையவில்லை என்று அளவைக் கூட்டிக்கொண்டே போனவரை, ஒருநாள் புது இடத்தில் குத்தும்போது அந்தக் கூடிய அளவு முழுதும் சேர்ந்து கவிழ்த்துவிடும்.

இரைப்பை நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கு வேறொரு சிக்கல். நெடுநாள் சர்க்கரையால் வேகஸ் நரம்பு பழுதாகி இரைப்பை மந்தமாகிவிடும். நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்த உணர்வு, காலையில் சாப்பிட்டது மாலையில் ஏப்பத்தில் எதுக்களிப்பது, இவை அறிகுறிகள். சாப்பாட்டுக்கு முன் போட்ட இன்சுலின் தன் நேரத்துக்கு வேலையைத் தொடங்கிவிடும். உணவோ இன்னும் இரைப்பையிலேயே கிடக்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் இறங்கி, நாலு மணி நேரம் கழித்து ஏறினால் இதைச் சந்தேகியுங்கள். ஊசி போடும் நேரத்தை மாற்றுவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

அபாய மணியே அடிக்காமல் போவதும் உண்டு. அடிக்கடி சர்க்கரை இறங்கினால் மூளை அதற்குப் பழகி, அட்ரினலின் கிளம்பும் எல்லையும் கீழே போய்விடும். ஒரு முறை இறங்கினால், அடுத்த நாளே மணியின் ஓசை குறைந்துவிடும். நாள்பட்ட நோயாளிகளில் குளுக்ககானும் முன்பே ஓய்ந்திருக்கும். அப்புறம் நடுக்கமும் இல்லை, படபடப்பும் இல்லை, நேரே மயக்கம். ரத்தக் கொதிப்புக்கும் இதயத்துக்கும், அட்ரினலின் வேலையைத் தடுக்கும் பீட்டா தடுப்பி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் நடுக்கமும் படபடப்பும் அடங்கியிருக்கும். வியர்வை மட்டும் வரும், ஏனென்றால் வியர்வைச் சுரப்பிக்குப் போகும் நரம்பு அசிட்டைல்கோலின் என்ற வேறொரு வேதிப்பொருளைக் கொண்டு வேலை செய்கிறது, அதை இம்மாத்திரை தொடுவதில்லை. இவர்கள் வியர்வை ஒன்றையே அடையாளமாக வைத்துக்கொள்ளட்டும். இரவில் தலையணை நனைந்திருந்தால், கெட்ட கனவோ காலையில் தலைவலியோ இருந்தால், அதிகாலை இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை எழுந்து பாருங்கள்.

அணைந்த மணியைத் திரும்பவும் அடிக்க வைக்க முடியும் என்பதுதான் ஆறுதல். இரண்டு மூன்று வாரம் ஒருமுறைகூட 70-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் பலருக்கு அறிகுறிகள் திரும்பி வருகின்றன. அதற்காக அந்த நாட்களில் சர்க்கரை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் மருத்துவர் அனுமதிப்பார். தனியாக வாழும் முதியவர், சிறுநீரகமோ நினைவாற்றலோ குறைந்தவர் ஆகியோருக்கு மூன்று மாத சராசரியை (HbA1c) 7 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவரப் பாடுபட வேண்டியதில்லை. 8 வரை இருக்கலாம் என்பதை மருத்துவ வழிகாட்டுதல்களே ஏற்கின்றன. 'அப்பாவுக்கு 6.2 வந்திருக்கிறது' என்று பெருமையாகச் சொல்லும் பிள்ளைகள், அவருக்கு இரவில் வியர்க்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். நாட்காட்டிப் பகுதியில் ஏகாதசி, சஷ்டி, கிருத்திகை என்று அச்சிடுகிறீர்கள், ரம்ஜான் மாதத்தில் நோன்பு தொடங்கும் நேரமும் திறக்கும் நேரமும் போடுகிறீர்கள். அந்தக் கட்டத்துக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: 'சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் மருந்தின் அளவையும் நேரத்தையும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு விரதம் இருக்கவும்.' விரதத்தன்று காலையில் போட்டால் அது தாமதம். கேட்டு வர நேரம் வேண்டும், மூன்று நாள் முன்னதாகவே போடுங்கள்.

இப்படிக்கு,
உடலியங்கியல் ஆசிரியர்,
மதுரை.